லீவு பார்த்து விதைக்கலாமா?

மழைக்கால மாலைகளில் பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில் தள்ளுவண்டிக் கரியடுப்பில் மக்காச்சோளக் கதிர் சுடும் வாசனை வருகிறது. எலுமிச்சையும் மிளகாய்ப் பொடியும் தடவிக் கொடுத்த கதிரைக் கடிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சில கதிர்களில் மணிகள் அடி முதல் நுனி வரை வரிசை தவறாமல் நெருங்கி நிற்கும். வேறு சிலவற்றில் பாதிக்கு மேல் பொக்கையாக இருக்கும். பொக்கை விழுந்தால் விதைக் கம்பெனியைத் திட்டுவார்கள், உரக் கடைக்காரரைக் குறை சொல்வார்கள். பல சமயங்களில் இருவர் மீதும் குற்றமிராது. விதைத்த நாள் தவறியிருக்கும்.

நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு விதைப்பு நாளைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், பாட்டரி டவுன் பகுதிகளில் வாழும் தமிழர்களில் பலருக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திருவண்ணாமலை, வேலூர் பக்கங்களில் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ பூர்வீக நிலம் இன்னும் இருக்கிறது. பிழைப்பு இங்கே, நிலமோ அங்கே தம்பியின் பொறுப்பிலோ, வாரத்திலோ, குத்தகையிலோ இருக்கிறது. விதைக்கும் அடியுரத்துக்கும் வேண்டிய பணம் பெங்களூரிலிருந்து போக வேண்டும். அந்தப் பணம் எப்போது போய்ச் சேருகிறது? லீவு சாங்ஷன் ஆகி, டிக்கெட் கிடைத்து, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது போய்ச் சேருகிறது. அதற்குள் நல்ல மழை ஒன்று பெய்து ஈரமும் காய்ந்துவிடுகிறது. அடுத்த மழைக்குக் காத்திருந்து விதைப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிடுகிறது. அந்த மூன்று வாரத்துக்கு நிலம் என்ன விலை கொடுக்கிறது என்பது நிலத்தின் சொந்தக்காரருக்கே தெரிவதில்லை.

மக்காச்சோளம் இன்று ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் பயிர் அல்ல. மெக்ஸிகோவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதன் காட்டுப்புல் ஒன்றிலிருந்து பழக்கி எடுத்த பயிர் இது. கதிர் முழுவதும் மடலால் மூடியிருப்பதால், முக்காடிட்ட சோளம் என்னும் பொருளில் இதை மைசூர், பெங்களூர்ப் பக்கத்துக் கன்னடத்தில் 'முசுக்கின ஜோளா' என்கிறார்கள். அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் 1957-ம் ஆண்டில் தொடங்கியது. 1961-ல் கங்கா, ரஞ்சித், டெக்கான் ஆகிய வீரிய ஒட்டு ரகங்கள் வெளிவந்தன. கோழித் தீவனம், ஸ்டார்ச் ஆகியவற்றோடு இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டதால் தேவை பெருகிவிட்டது. 2022-23-ம் ஆண்டில் நாட்டின் உற்பத்தி சுமார் 3.8 கோடி டன். கர்நாடகம் இதில் முன்னணி மாநிலங்களில் ஒன்று. தாவணகெரே, ஹாவேரி மாவட்டங்களில் பார்க்குமிடமெல்லாம் இதுவே பயிர். தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டத்துக்கு இந்தப் பெருமை உண்டு.

இப்பயிருக்குக் காலம் ஏன் இவ்வளவு முக்கியம்? நெல் போலவோ கேழ்வரகு போலவோ இது தூர் கட்டிப் பெருகுவதில்லை. ஒரு விதைக்கு ஒரு தண்டு. ஒரு தண்டில் பெரும்பாலும் ஒரு நல்ல கதிர். ஏற்பட்ட நஷ்டத்தைப் பக்கத் தூர் வந்து ஈடுகட்டும் வசதி இதற்கு இல்லை. ஆண் பூ உச்சியிலும், கதிர் தண்டின் நடுவிலும் தனித்தனியே இருக்கின்றன. கதிரின் நுனியில் பட்டு நூல் போலத் தொங்கும் ஒவ்வோர் இழையும் உள்ளே ஒரு மணிக்கு உரியது. மகரந்தம் படாத இழைக்கு மணி கிடையாது. விதைத்து ஐம்பது அறுபது நாளில் இந்தச் சேர்க்கை நடந்தாக வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் இழை வெளிவரத் தாமதமாகும். வெயில் 35 டிகிரிக்கு மேல் ஏறிக் காற்றும் வறண்டால் மகரந்தம் உயிரிழக்கும். பிறகு எத்தனை மூட்டை யூரியா கொட்டினாலும் பொக்கை நிரம்பாது. ஆகவே விதைக்கும் நாளைத் தீர்மானிக்கிறவர், உண்மையில் பூக்கும் நாளைத் தீர்மானிக்கிறார்.

ரயில்வேயில் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும். குறித்த நேரத்துக்குப் புறப்படாத வண்டி, அந்தப் பத்து நிமிடத்தோடு தப்புவதில்லை. தனக்கு ஒதுக்கிய வழியை இழந்துவிடுவதால் மற்ற வண்டிகளுக்கு இடம் விட்டு, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் லூப் லைனில் நின்று, மணிக்கணக்கில் பின்தங்கிப்போகும். பின்தங்கி விதைத்த பயிரின் கதியும் இதுவே. மழை, வெயில், பூச்சி, பூஞ்சாணம் எல்லாவற்றுக்கும் அது வழிவிட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

பெங்களூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். இங்கே மே மாதத்தில் கோடை மழை பெய்கிறது. ஜூன், ஜூலையில் மழை மிதமாக இருக்கிறது. பெருமழை செப்டம்பர், அக்டோபரில்தான் வருகிறது. செப்டம்பரில் மட்டும் சராசரியாக 200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. டிசம்பரில் வானம் வெளுத்துவிடுகிறது. ஜூனில் விதைத்த பயிர் இளங்குருத்தாக இருக்கும்போது தண்ணீர் தேங்கும் ஆபத்து குறைவு. ஆகஸ்டில் பூத்து, செப்டம்பர் மழையில் மணி முற்றுகிறது. ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் விதைத்ததோ முழங்கால் உயரம்கூட வளராத நிலையில் பெருமழையில் வேர் மூழ்கி மஞ்சள் பாரிக்கிறது. அக்டோபர் நடுவில் பூத்து, நவம்பரில் மணி பிடிக்கும்போது மண் காயத் தொடங்கிவிடுகிறது. ஜூன் முதல் ஜூலை வரை விதைப்பதே இங்கு மானாவாரிக்கு ஏற்றது என்று வேளாண் விஞ்ஞானிகள் சொல்வதன் காரணம் இதுதான். அதற்காக மே மாதத்து முதல் தூறலிலேயே அவசரப்பட்டு விதைப்பதும் நல்லதல்ல. நடுவில் வறட்சி வந்தால் முளை கருகும். தப்பிப் பிழைத்தாலும் செப்டம்பர் மழையில் கதிர் நனைந்து பூசணம் பிடித்துச் சந்தையில் விலை போகாது.

இதே கணக்கை அப்படியே ஊருக்கு எடுத்துச் செல்வதும் தவறாகும். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கரிசல் மானாவாரிக்கு வடகிழக்குப் பருவமழையே ஆதாரம். அங்கே புரட்டாசிப் பட்டம் முக்கியமானது. தென்மேற்கு மழை எட்டும் கிருஷ்ணகிரி, தருமபுரி மேட்டு நிலங்களில் ஆடிப் பட்டம் பொருந்தும். கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் தைப் பட்டத்திலும் விதைக்கிறார்கள். தையில் விதைத்தது கோடை கடுமையாகுமுன் பூத்துவிடும். மாசிக் கடைசி வரை தள்ளிப்போட்டால் சித்திரை வெயிலில் பூக்கும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதே என்று தைரியப்பட முடியாது. தண்ணீர் வேரை நனைக்குமே தவிர மகரந்தத்தைக் காப்பாற்றாது. ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். அதில் 'தேடி' என்ற சொல்லுக்குத்தான் எடை அதிகம். தன் மண்ணுக்கும் தன் மழைக்கும் உரிய பட்டத்தைத் தேட வேண்டும் என்பதே அதன் பொருள்.

விளைச்சலைவிடப் பெரிய கேள்வி நோய். 1898-ம் ஆண்டில் பெங்களூரைப் பிளேக் தாக்கியபின், கண்டோன்மென்டின் நெரிசலைக் குறைப்பதற்காக அமைக்கப்பட்ட புறநகர்தான் பிரேசர் டவுன். நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட நோய்க்கு இடம் கொடுக்காத ஏற்பாடு மேல் என்ற யோசனையில் பிறந்த ஊர் இது. வயலுக்கும் இந்த யோசனை பொருந்தும். மக்காச்சோளத்தைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய் முளைத்த முதல் இரண்டு மூன்று வாரத்துப் பயிரைத்தான் எளிதில் பிடிக்கிறது. இரவில் குளிர்ச்சியும் இலையில் ஈரமும் இருந்தால் அதன் வித்துகள் உண்டாகிக் காற்றில் பரவுகின்றன. முதலில் விதைத்த வயலில் நோய் கண்ட செடிகள் நிற்கும்போது, பக்கத்து வயலில் பின்தங்கி முளைக்கும் பயிர் அந்த வித்துகளுக்கு நல்ல தீனியாக அமைகிறது. இலை வெளுத்து, செடி குட்டையாகி, கதிரே வராமல் போகிறது. மெட்டலாக்சில் மருந்தால் விதை நேர்த்தி செய்வதும், நோய் கண்ட செடியை உடனே பிடுங்கி அழிப்பதும், ஊரார் ஒரே சமயத்தில் விதைப்பதும் இதற்குரிய பரிகாரங்கள்.

டர்சிகம் இலைக்கருகல் இன்னொரு வகை. இலையில் சுருட்டு வடிவத்தில் நீண்ட சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று சேர்ந்து இலையையே கருக்கிவிடும். இருபது இருபத்தைந்து டிகிரி வெப்பமும், நீண்ட நேரம் நிற்கும் பனியும் அதற்குச் சாதகம். பெங்களூர், மைசூர் பீடபூமியின் அக்டோபர், நவம்பர் இரவுகள் அதற்கென்றே அமைந்தவை போலிருக்கின்றன. மணி பால் பிடிக்கும் சமயத்தில் மேல் இலைகள் கருகினால் மணி சூம்பிப்போகும். முற்றியபின் கருகினால் நஷ்டம் சொற்பம். நோய் ஒன்றே, பயிரின் வயதைப் பொறுத்து நஷ்டம் மாறுகிறது. அந்த வயதை நிர்ணயிப்பது விதைத்த நாள். பூக்கும் பருவத்தில் வறட்சியும் வெப்பமும் சேர்ந்தால் வரும் கரிக்கோல் அழுகல் நோய் இதற்கு நேர்மாறானது. அது ஈரத்தைத் தேடாமல் தாகத்தால் தளர்ந்த தண்டைத் தேடி வருகிறது.

எதிர்ப்புச் சக்தி உள்ள ரகம் வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். நல்ல ரகம் அவசியம் வேண்டும். எதிர்ப்புச் சக்தி விதையில் இருக்கிறது. விதைப்பு நாள் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. ஆனால் அந்தச் சக்தியின் மீது எவ்வளவு பாரம் விழப்போகிறது என்பதை விதைப்பு நாள் தீர்மானிக்கிறது. விதையை மட்டும் நம்புவதன் விபரீதத்தை அமெரிக்கா 1970-ல் அனுபவித்தது. ஒரே வகை மலட்டுத் தன்மையைப் பயன்படுத்தித் தயாரித்த ஒட்டு விதைகளை நாடெங்கும் விதைத்திருந்தார்கள். அந்த விதைகளை எளிதில் தாக்கும் இலைக்கருகல் பூஞ்சாணம் ஒன்று கிளம்பியது. ஈரமும் வெப்பமும் கைகொடுத்தன. ஒரே ஆண்டில் சுமார் 15 சதவீத மகசூல் பறிபோயிற்று. விஞ்ஞானத்தில் முதலிடம் வகித்த நாட்டுக்கே இந்தக் கதி என்றால், இரண்டு ஏக்கர்க்காரர் விதைப் பையின் மேல் அச்சிட்ட வாசகத்தை மட்டும் நம்பியிருப்பது எப்படிச் சரியாகும்?

படைப்புழு கற்பித்த பாடம் இன்னும் அண்மையது. அமெரிக்கக் கண்டத்துக்குரிய இந்தப் பூச்சி 2016-ல் ஆப்பிரிக்காவிலும், 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்கா வட்டாரத்திலும் கண்டறியப்பட்டது. பெங்களூர் ஹெப்பாளில் இயங்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிலையம் அதே ஆண்டு ஜூலையில் நாட்டுக்கு எச்சரிக்கை விடுத்தது. சில மாதங்களுக்குள் புழு தமிழ்நாட்டை எட்டி, பெரம்பலூர், அரியலூர் வயல்களின் குருத்தைத் தின்று தீர்த்தது. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு 2019 பிப்ரவரியில் தமிழக அரசு சுமார் 186 கோடி ரூபாய் நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்க வல்லது. ஒன்று ஆயிரத்துக்கு மேல் முட்டையிடுகிறது. இளங்குருத்துதான் அதற்குப் பிரியமான உணவு. ஓர் ஊரில் ஒருவர் இன்றும், மற்றவர் இருபது நாள் கழித்தும், இன்னொருவர் நாற்பது நாள் கழித்தும் விதைத்தால், தலைமுறை தலைமுறையாக அதற்குப் பந்தி பரிமாறியதாகிறது. கடைசியில் விதைத்தவர் வயலில்தான் கூட்டம் அதிகம். கோடை உழவு செய்து கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டுவது, வேப்பம் புண்ணாக்கு இடுவது, வரப்போரம் தட்டைப்பயறு விதைப்பது ஆகியவற்றோடு, ஊரார் ஒன்றுசேர்ந்து ஒரே சமயத்தில் விதைக்க வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் ஒருவரின் பணம் தாமதித்தால் அந்த நஷ்டம் அவர் வரப்போடு நிற்பதில்லை. அண்டை வயல்காரர்களும் அதைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

எல்லா இடத்திலும் முந்தி விதைப்பதுதான் வெற்றி என்றும் எண்ணிவிடக் கூடாது. பீகாரில் பூர்ணியா, ககரியா, பெகுசராய் மாவட்டங்களில் மழைக்காலத்து வெள்ளத்துக்கும் களைக்கும் நோய்க்கும் பயிரைப் பறிகொடுத்து வந்தவர்கள், அக்டோபர், நவம்பரில் விதைக்கும் குளிர்காலச் சாகுபடிக்கு மாறினார்கள். வானம் தெளிவு, நோய் குறைவு, பயிர் வயலில் நிற்கும் நாளும் கூடுதல். மழைக்காலப் பயிரைவிட வெகுவாக அதிக மகசூல் எடுக்கிறார்கள். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்திலோ ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவுக்குள் விதைப்பை முடிக்கத் துடிக்கிறார்கள். அதற்கு மேல் தள்ளினால் மகசூல் இறங்குகிறது. ஆங்காங்குள்ள பருவத்தை அறிந்து, அதற்குத் தயாராக இருந்தவர்களே பலன் கண்டிருக்கிறார்கள்.

தயாராக இருக்க விவசாயி விரும்பினாலும் அரசாங்க இயந்திரம் அவனை விடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மழை பெய்த மறுநாள் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால் கடன் மனு மேலிடத்தில் இருக்கிறது என்கிறார்கள். மானிய விதை வரும் என்று காத்திருந்தால் ஈரம் காய்கிறது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூரியாவுக்கு விவசாயிகள் வரிசையில் நின்றதையும், மத்திய, மாநில அரசுகள் ஒன்றையொன்று குறை கூறியதையும் நாடே பார்த்தது. வட்டாரத்துக்கு ஏற்ற வானிலை யோசனை கூற மாவட்ட அளவில் அமைக்கப்பட்டிருந்த 199 வேளாண் வானிலைப் பிரிவுகள் 2024-ல் மூடப்பட்டன. சந்தை நிலவரமும் கைகொடுக்கவில்லை. 2025-26-ம் ஆண்டுக்குக் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் ஆதரவு விலை அறிவிக்கப்பட்டும், அறுவடைச் சமயத்தில் கர்நாடகச் சந்தைகளில் விலை அதைவிட வெகுவாகக் கீழே இறங்கி விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். விலை கையில் இல்லாதவனுக்கு மகசூலும் கைநழுவினால் அவன் எதைக் கொண்டு பிழைப்பான்?

எனவே அரசுகள் செய்ய வேண்டியவை தெளிவானவை. விதையும் அடியுரமும் பருவம் தொடங்க ஒரு மாதம் முன்பே கர்நாடகத்தின் ரைத சம்பர்க்க கேந்திரங்களிலும், தமிழகத்தின் வேளாண்மை விரிவாக்க மையங்களிலும் இருப்பில் இருக்க வேண்டும். பயிர்க் கடன் மனுக்கள் விதைப்புக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டும். மாவட்ட வானிலைப் பிரிவுகள் முழு அளவில் இயங்க வேண்டும். எந்த வாரத்துக்குள் விதைத்தால் நலம், அந்த வாரம் தவறினால் மாற்றுப் பயிர் எது என்பதை ஊர்வாரியாக எழுதி ஒட்ட வேண்டும். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் ஜி.கே.வி.கே. வளாகத்தில் நடத்தும் கிருஷி மேளாவுக்கு லட்சக்கணக்கானோர் போகிறார்கள். அது வழக்கமாக நவம்பரில் நடக்கிறது; ஜூனில் விதைப்பவருக்கு வேண்டிய யோசனை ஏப்ரலிலேயே கிடைக்க வேண்டாமா?

நிலம் வைத்திருக்கும் பெங்களூர்த் தமிழர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். விதைப் பணத்தை லீவோடு முடிச்சுப் போடும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். பணத்தை உட்கார்ந்த இடத்திலிருந்து அனுப்பும் வசதி இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே வாரக்காரர் கையில் விதையைச் சேர்த்துவிட்டு, மழை பெய்ததும் தம்மைக் கேட்காமலே விதைக்கலாம் என்று சொல்லிவிட வேண்டும். மண்ணைத் தினமும் மிதிப்பவருக்கு அந்த அதிகாரம் இருப்பதுதான் நியாயமும்கூட. சந்தேகம் இருந்தால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். மழையே தாமதித்துப் பட்டம் தவறினால் வீம்புக்கு மக்காச்சோளமே விதைக்க வேண்டியதில்லை. குறுகிய காலக் கேழ்வரகு, தட்டைப்பயறு, கொள்ளு என்று மண்ணுக்கு ஏற்றதைப் போட்டு முதலைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இங்குள்ள தமிழ்ச் சங்கங்களும் ஊர் நலச் சங்கங்களும் பொங்கல் விழா, பட்டிமன்றங்களோடு, சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேளாண் விஞ்ஞானி ஒருவரை அழைத்து இரண்டு மணி நேரம் பேசச் சொன்னால் அது பெரிய தொண்டாக அமையும்.

விதைக்கு விலை உண்டு; உரத்துக்கும் மருந்துக்கும் ஆள் கூலிக்கும் விலை உண்டு. ஆண்டுக்கு ஆண்டு அவை ஏறிக்கொண்டே போகின்றன. விவசாயத்தில் காசு கொடுக்காமல் கிடைக்கும் ஒரே இடுபொருள் சரியான நாள்தான். அதையும் ஆபீஸ் பைலிலும் லீவு மனுவிலும் தொலைப்பதை ஏழை நாட்டின் ஏழைக் குடியானவன் இனியும் தாங்க முடியாது.